விடுப்பு அன்ரியும் கண் சிமிட்டும் பல்லியும்

"கோவிக்காதேயும் பிள்ளை, ஒண்டு கேக்கட்டே?"

அன்ரி என்னிடம் பேசிய முதல் வசனம் இதுதான். போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வங்கி வேலையில் மன்னாருக்கு மாற்றல் கிடைத்து, பள்ளிமுனையில் அவர் வீட்டோடு ஒட்டியிருந்த அறையை வாடகைக்குப் பார்க்கப் போயிருந்தேன். கையிலிருந்த பெட்டியை இன்னும் நிலத்தில் வைக்கவில்லை. ஒன்று என்றால் ஒன்றோடு நிற்கும் என்று நம்பி, "கேளுங்கோ அன்ரி" என்றேன். அவ்வளவுதான். எந்த ஊர், வவுனியாவில் எந்த ஒழுங்கை, அப்பா என்ன வேலை, தலைக்கு என்ன எண்ணெய், காலில் இருக்கிற தழும்பு நாய் கடித்ததோ முள்ளுக்கம்பி கிழித்ததோ? கலியாணமான பிள்ளையோ? ஓம். அவர் எங்க? கொழும்பில. வருவாரோ? இல்லை. சரி, கிணத்துத் தண்ணி உவர், குடிக்கிறதுக்குப் பைப் தண்ணி பிடிக்கவேணும். நான் பதில் சொல்லிக்கொண்டே, வேறு எங்காவது அறை இருக்குமா என்ற யோசனையில் யன்னலால் அடுத்த வீட்டு வளவை எட்டிப் பார்த்தேன். அங்கே கொடியில் சின்னச் சின்னச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. முகத்தைத் திருப்பிக்கொண்டு இந்த அறையே போதும் என்றேன்.

ஊர் அவருக்கு வைத்திருந்த பெயர் விடுப்பு அன்ரி. அடுத்தவர் சங்கதியைத் துருவித் துருவிக் கேட்பதைத்தான் எங்கள் பக்கத்தில் விடுப்பு என்போம். செத்த வீட்டுக்குப் போனால், கடைசியாக என்ன சாப்பிட்டவர் என்று கேட்பார். மீன் வாங்கப் போனால் எந்த வலை, எந்தப் பக்கம் போட்டது, அப்போது காற்று எப்படி என்று கேட்டு முடிப்பதற்குள் மீன் வெயிலில் கெட்டுவிடும். கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால், பாவங்களைக் கேட்கிற சுவாமிதான் வியர்த்து விறுவிறுத்து வெளியே வருவார் என்று பகிடி சொல்வார்கள். தெருவில் திரியும் கழுதைகள்கூட அன்ரி வீட்டு வாசல் படலையைக் கண்டதும் நடையைக் கூட்டும் என்பது என் பங்குக்கு நான் சேர்த்தது. அங்கிள் கடலுக்குப் போகிறவர். கலியாணம் முடித்த முதல் வருடத்திலேயே வாழ்நாளுக்கான பதில்களையெல்லாம் சொல்லி முடித்துவிட்டார் போலும், அதற்குப் பிறகு அவர் வாயில் 'ம்' மட்டும்தான்.

எனக்கு இந்த மனுசியைக் கண்டாலே எரிச்சல். கேள்விகளிலிருந்து தப்பத்தான் கொழும்பை விட்டே வந்தேன். இரண்டாவது தடவையும் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தபோது என் கணவர் சொன்னார், "உன்ர கையில ஒண்டும் தங்காது." கோபத்தில் சொல்லவில்லை. நிறுத்துப் பார்த்துச் சொல்கிறவர் போல நிதானமாகச் சொன்னார். அதனால்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கொழும்பை விட்டு வெளிக்கிட்ட கிழமை, மீன்தொட்டிகளும் கிளிக்கூடுகளும் அடைந்து கிடந்த ஒரு கடையில் அதைக் கண்டேன். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். மஞ்சளும் கறுப்புமாக ஒரு பல்லி, கொழுத்த வால். பெயர் சிறுத்தைப் பல்லி என்றார்கள். "லேசில சாகாது மிஸ், வாலுக்குள்ள சாப்பாடு சேத்து வச்சிருக்கும்" என்றார் கடைக்காரர். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் வாங்கினேன். சுவர்ப்பல்லி மாதிரிச் 'சொல்லவும்' மாட்டாதாம். எங்கள் வீட்டில் சுவர்ப்பல்லி சொன்னால் அம்மா உடனே அதற்கொரு பலன் சொல்லுவார். நான் வயிற்றோடு இருந்த மாதங்களில் எத்தனையோ நல்ல பலன்கள் சொன்னார். ஒன்றும் பலிக்கவில்லை. சொல்லாத பல்லி எனக்குப் போதுமாக இருந்தது. இதையாவது சாகவிடக் கூடாது, அது ஒன்றுதான் எண்ணம். மன்னாருக்கு வரும் வழியில் தள்ளாடி என்ற இடத்துச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் பெட்டியைத் திறந்து, இதென்ன என்று சிங்களத்தில் கேட்டான். "ஹூனா" என்றேன். பல்லியை யாராவது பெட்டியில் கொண்டு திரிவார்களா என்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மூடினான்.

அதை அன்ரிக்குக் காட்டாமல் வைத்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். என்னுடைய விசர்த்தனம். ஒரு பின்னேரம் வங்கியிலிருந்து வந்தால் அறை திறந்து கிடக்கிறது. காற்றுக்கு யன்னல் அடித்ததாம், சாத்துவதற்கு வந்தாராம். சாத்த வந்தவர் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் கதிரை போட்டு இருந்துகொண்டிருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி. அதன் ஒடிந்த காலைத் தங்கூசியால், வலை பின்னுகிற அந்த நைலோன் நூலால்தான், கட்டியிருப்பார்.

"கோவிக்காதேயும் பிள்ளை, ஒண்டு கேக்கட்டே? இதென்ன சாமான்?"

"பல்லி."

"பல்லியெண்டு ஆர் சொன்னது?"

"கடைக்காரர்."

"கடைக்காரன் விக்கிறதுக்கு என்னவும் சொல்லுவான். பல்லி கண்ணை மூடுமே? இது என்னைப் பாத்துக் கண்ணடிக்குது!"

குனிந்து பார்த்தேன். உண்மைதான். மெல்ல இமையை மூடி, மெல்லத் திறந்தது. இத்தனை நாளாக வைத்திருக்கிறேன், நான் அதைக் கவனிக்கவில்லை. அன்ரி ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு அதே கதிரையில் ஏறி, யன்னலுக்கு மேலே இருந்த சுவர்ப்பல்லியின் முகத்துக்கு நேரே அடித்தார். அது கண்ணை மூடவில்லை. நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே நக்கிவிட்டு ஓட்டுக்குள் ஓடியது.

"பாத்தீரே? அதுக்குக் கண்மடல் இல்லை. இதுக்கு இருக்கு. சுவர் ஏறுமோ இது?"

"ஏறாதாம்."

"ஏன் ஏறாது?"

தொட்டியைத் தூக்கிக் கீழிருந்து பார்த்தார். விரல்களில் சுவர்ப்பல்லிக்கு இருப்பதுபோல ஒட்டுகிற தட்டு இல்லை, குருவிக்கு இருப்பதுபோல நகம்தான் இருந்தது. "உடும்புக் குட்டியோ? சீ, நாக்குப் பிளந்திருக்கேல்லை. அரணையோ? அரணையெண்டால் மினுங்கவேணும். வால் ஏன் இந்தத் தடிப்பு? பேர் என்னெண்டு சொன்னவன்?"

"சிறுத்தைப் பல்லி."

"சிறுத்தைக்குப் புள்ளியெல்லோ இருக்கிறது! இதுக்கு வரி. உம்மை ஏமாத்திப்போட்டான் பிள்ளை. இது சிறுத்தை இல்லை, புலி. புலிப் பல்லி!"

"ஐயோ அன்ரி, மெல்லக் கதையுங்கோ" என்றேன். பின்பக்கத்து ரோட்டால் நேவிக்காரர் சைக்கிளில் போகிற நேரம் அது.

அன்ரி வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு விரல் இடுக்கால், "அப்ப வரிப் பல்லி எண்டு வைப்பம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னாருக்கு வந்து அன்றுதான் சிரித்தேன்.

அடுத்த கேள்வி, விசம் இருக்கோ. இல்லை என்று நான் சொன்னதை அவர் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் போத்தலில் மடுக் கோயில் மண் வைத்திருந்தார். அந்தப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் அனேகமாக இருக்கும். பாம்புக்கும் விசத்துக்கும் அது காவல் என்பது நம்பிக்கை. அதில் ஒரு சிட்டிகை எடுத்துச் செபம் சொல்லித் தொட்டிக்குள் தூவினார். அதோடு விட்டிருக்கலாம். தொட்டியில் நான் போட்டிருந்த மண் ஒரு பிடிதான், நிலத்தில் திரிகிற சீவனுக்கு இது காணுமோ என்று அவருக்குப் பட்டுவிட்டது. மறுநாள் கடற்கரை மண் ஒரு வாளி அள்ளி வந்து, உப்புப் போகப் பல தண்ணீரில் அலசி, சாக்கில் காயப்போட்டு, தொட்டியில் நிரப்பினார். சிப்பித் துண்டுகள் கலந்த வெள்ளை மண். பார்க்க நல்ல வடிவாக இருந்தது. நானும் சந்தோசப்பட்டேன்.

"பேர் என்ன வச்சனீர்?"

"வைக்கேல்லை."

"ஏன்?"

"தேவையில்லை."

அவரிடம் நான் வெடுக்கென்று பேசியது அதுதான் முதல் தடவை. கண்ணாடிக்கு மேலால் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, இது கரப்பான் தின்னுமோ, உயிரோட குடுக்கிறதோ அடிச்சுக் குடுக்கிறதோ என்று பேச்சை அங்கே கொண்டுபோய்விட்டார். அன்றிலிருந்து வேலியோரத்துச் சில்வண்டும் வெட்டுக்கிளியும் அன்ரியின் பொறுப்பு. பொழுதுபடுகிற நேரம் சிரட்டையில் பிடித்துக்கொண்டு வருவார். பல்லி வால் நுனியை ஆட்டி ஆட்டிப் பதுங்கும், பிறகு ஒரே பாய்ச்சல். "பூனை தோத்துப் போகும்" என்பார். பாயும்போது வாய்க்குள் வண்டோடு மண்ணும் சேர்ந்து போனதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். வண்டு இல்லாத நேரத்திலும் அது மண்ணை நக்கியது. அது மாதாவின்ர மண்ணைத் தேடி நக்குது என்று அன்ரி சொன்னார்.

பிறகு அது சாப்பிடுவதை நிறுத்தியது. வெட்டுக்கிளி முகத்துக்கு மேல் ஏறி நடந்தாலும் அசையவில்லை. வயிறு ஒரு பக்கம் கல்லாகப் புடைத்திருந்தது. கொழுத்த வால் நாளுக்கு நாள் வற்றி, தோல் சுருங்கி, வாழைநார் மாதிரி ஆகிக்கொண்டு வந்தது. வங்கியில் காசு எண்ணும் இடத்தில் நின்று அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. இதுவும் போனால் அந்த மனுசன் சொன்னது சரியென்றாகிவிடும். ஒரு பல்லிக்கு இவ்வளவா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எனக்கு அப்போது இருந்தது அது ஒன்றுதான்.

"என்ர கையில தங்காது அன்ரி" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

வேறு யாராக இருந்தாலும் ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டிருப்பார்கள். ஊரிலேயே பெரிய விடுப்புக்காரி கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "பொறும், நான் விசாரிச்சுக்கொண்டு வாறன்" என்று குடையை எடுத்தார்.

அன்ரியின் விசாரணை என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் கண்டேன். நானும் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பின்னால் போனேன். முதலில் மிருக வைத்தியர். அவர் தொட்டியைப் பார்த்துவிட்டு, "அம்மா, நான் ஆடு மாடு பாக்கிறனான். இதைப் புத்தகத்திலயும் பாத்ததில்லை" என்றார். வேறு யாரும் திரும்பியிருப்பார்கள். அன்ரி அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "சரி ஐயா, கோவிக்காதேங்கோ. ஆடு பொலித்தீனைத் திண்டு வயிறு கட்டினா என்ன செய்வியள்?" அவர் சொன்னார். "கண்டுக்குட்டி எண்டா?" அதையும் சொன்னார். "கோழி எண்டா?" வெளியே மாட்டோடு வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். வெளியேறும்போது அன்ரியிடம் ஒரு விசயம் இருந்தது: உள்ளே எதுவோ அடைத்திருக்கிறது, இளஞ்சூடும் எண்ணெயும் வேண்டும்.

அடுத்து, பல்லி வாங்கிய கடைக்கு என் கைத்தொலைபேசியில் எடுக்கச் சொன்னார். எடுத்தவரைக் கேள்வியாலேயே மடக்கி, உள்ளே படுத்திருந்த முதலாளியை எழுப்ப வைத்தார். எந்த நாட்டுச் சீவன்? அங்க பகலில எப்பிடி, இரவில எப்பிடி? மண்ணிலயோ கல்லிலயோ இருக்கும்? ஏன் மண்ணைத் தின்னுது? எல்லாம் வந்தது. அது கல்லாந்தரையில் வாழ்வது, வீட்டில் வைத்தால் மண் போடவே கூடாது, காகிதம் விரித்தால் போதும். வயிற்றுக்குக் கீழே சூடு இல்லாவிட்டால் தின்றது செமிக்காது. மண்ணை நக்குவது கல்சியம் காணாததால். இளஞ்சூட்டுத் தண்ணீரில் விட்டு வயிற்றை மெல்லத் தடவவேண்டும்.

"இதெல்லாம் விக்கேக்க ஏன் தம்பி சொல்லேல்லை?" என்று அன்ரி போனுக்குள் அதட்டினார்.

"ஒருத்தரும் கேக்கல்லயே அம்மா."

அன்ரி போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் ஊர் முழுவதற்கும் சேர்த்துப் பதில் இருந்தது.

சூட்டுக்கு என்ன செய்வது? அங்கிள் மீனுக்கு ஐஸ் போடுகிற வெள்ளை ரெஜிபோம் பெட்டி பின்னால் கிடந்தது. "குளிரை வெளிய விடாத பெட்டி சூட்டை விடுமே?" என்று அன்ரி கேட்டார். அங்கிள் யோசித்து, "ம்" என்றார். சுடுதண்ணிப் போத்தலைத் துவாயில் சுற்றி அடியில் வைத்து, மேலே காகிதம் விரித்து, அதில் பல்லியை விட்டோம். எவ்வளவு கழுவியும் மீன் மணம் போகவில்லை. தெருப் பூனைகளெல்லாம் வந்து படியில் குந்திவிட்டன. காலையும் மாலையும் சூப் கோப்பையில் இளஞ்சூட்டுத் தண்ணீர். அன்ரி ஒலிவ் எண்ணெய் ஒரு துளி அதன் மூக்கில் விடுவார், அது நக்கிக்கொள்ளும். பிறகு சின்னிவிரலால் வயிற்றைத் தடவிக்கொண்டே, "மாதாவின்ர மண் ஒண்டும் செய்யாது மோனை, நான் அள்ளின மண்தான் உன்னைக் கெடுத்தது" என்று அதனோடு பேசுவார். அந்தக் குரலில் கேள்வியே இருக்காது. நான் பக்கத்தில் நின்று தண்ணீரின் சூட்டைப் பார்த்துக்கொள்வேன். எங்கள் இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு காலை நான் குளித்துக்கொண்டிருக்கும்போது வளவே அதிரக் கத்தினார். "பிள்ளை! ஓடி வாரும்! வெளிக்குப் போட்டுது!"

பக்கத்து வளவிலிருந்து ஒரு குரல், "ஆர் அன்ரி? அங்கிளோ?"

"போடி விசரி, பல்லி!"

நான் ஈரத் தலையோடு ஓடி வந்து பார்த்தேன். காகிதத்தில் கெட்டிப்பட்ட மண்ணும், ஒரு சிப்பித் துண்டும். பொன்னும் மணியும் கிடந்ததுபோல இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். அன்று பொழுதுபட அது ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்தது. நான் அழுதேன். அன்ரி ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. பூனைகளைக் கலைக்கப் போய்விட்டார்.

கல்சியத்துக்கு அன்ரி கடற்கரைக்குப் போகவே வேண்டியிருக்கவில்லை. அங்கிள் ஒரு வார்த்தையும் பேசாமல் கை நிறையக் கணவாய் மீன் ஓடு கொண்டுவந்து மேசையில் வைத்தார். பள்ளிமுனைக் கரையில் அது ஒதுங்கிக் கிடக்கும், யாரும் தொடுவதில்லை. அன்ரி கத்தியால் சுரண்டி மாவாக்கி, வெட்டுக்கிளியை அதில் போட்டுக் குலுக்கி, வெள்ளையாக்கிக் கொடுப்பார். ஒரு மூடியில் சும்மாவும் வைப்பார், பல்லி வந்து நக்கும். வால் திரும்பத் தடித்தது. ஒரு நாள் உடம்பு முழுவதும் சாம்பல் பூசியதுபோல வெளுத்து, தோலைச் சட்டை மாதிரிக் கழற்றி, கழற்றியதைத் தானே தின்றது. அதை அன்ரி ஊர் முழுவதும் போய்ச் சொல்லி, யாரும் நம்பாததால் கோபித்துக்கொண்டு வந்தார்.

தோல் கழற்றக் கழற்ற அதன் வரிகள் உடைந்துகொண்டு வந்தன. கறுப்புப் பட்டை நடுவில் அறுந்து, அறுந்தது இன்னும் சின்னதாகி, மஞ்சள் முதுகில் பொட்டுப் பொட்டாக நின்றது. முதலில் கண்டது அன்ரிதான்.

"பிள்ளை, கடைக்காரன் உம்மை ஏமாத்தேல்லை. இது சிறுத்தைதான்! சின்னனில வரி, வளரப் புள்ளி. இது குட்டியாய் இருந்திருக்கு, எங்களுக்குத் தெரியேல்லை. இப்ப வளந்திட்டுது."

வளந்திட்டுது. அந்தச் சொல்லைக் கேட்டதும் கட்டிலில் இருந்துவிட்டேன். என் கையில் ஒன்று தங்கியதோடு வளர்ந்தும் இருக்கிறது. யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கினேன். முதலாவது கரைந்துபோனதை, இரண்டாவது மாதம் நிறைந்து, பெண்பிள்ளையாக, அழாமல் பிறந்ததை, அதை என்னிடம் காட்டாமலே கொண்டுபோனதை, என் கணவர் யன்னலருகில் நின்று சொன்ன சொல்லை. அன்ரி கணவாய் ஓட்டைச் சுரண்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் முதல்ல கேக்கிறது எத்தினை பிள்ளையள் எண்டுதானே" என்றேன். "நீங்கள் எல்லாத்தையும் கேட்டனீங்கள். அதை மட்டும் ஏன் கேக்கேல்லை?"

"முதல் நாள் நீர் யன்னலால அடுத்த வளவுக் கொடியைப் பாத்தனீர். சின்னச் சட்டையளைக் கண்டவுடனே முகத்தைத் திருப்பினனீர். பிறகு கேக்கிறதுக்கு என்ன இருக்கு?"

கணவாய் ஓட்டை மேசையில் வைத்தார். பிறகு, வழக்கத்தை விடத் தணிந்த குரலில் கேட்டார்.

"கோவிக்காதேயும் பிள்ளை, ஒண்டு கேக்கட்டே? அவவுக்குப் பேர் யோசிச்சு வச்சிருந்தனீரோ?"

அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. டொக்டர் கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை, பெற்ற தகப்பன் கேட்கவில்லை. வயிற்றுக்குள் இருக்கும்போது நான் மட்டும் இரகசியமாகக் கூப்பிட்ட பெயர் அது. சொன்னேன். அன்ரி அதை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். அன்றைக்கு உண்மையாகவே ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டார்.

பல்லிக்குக் கடைசிவரை பெயர் வைக்கவில்லை. அன்ரிக்கு அது வரிப்பல்லியாகவே இருந்தது, வரி போன பிறகும்.

கார்த்திகை மாதம் கத்தோலிக்கருக்கு இறந்தவர்களின் மாதம். பூசை ஒப்புக்கொடுக்கிறவர்கள் தங்கள் வீட்டில் காலமானவர்களின் பெயர்களைக் கொடுப்பார்கள், சுவாமி பீடத்திலிருந்து வாசிப்பார். நான் சைவக்காரி. ஆனாலும் ஒரு ஞாயிறு, "சும்மா வந்து கடைசி வாங்கில இரும்" என்று அன்ரி கூட்டிக்கொண்டு போனார். அங்கிளும் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். சுவாமி ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு வந்தார். செபமாலை, அந்தோனிப்பிள்ளை, மரியப்பிள்ளை, சந்தியா, திரேசம்மா. பிறகு கொஞ்சம் தயங்கி, "துளசி" என்றார்.

அந்தப் பெயரை இன்னொருவர் வாயால், இத்தனை பேருக்கு முன்னால், சத்தமாகக் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். முன் இருக்கைகளில் இருந்தவர்கள் அவளுக்காகவும் சேர்த்துச் செபம் சொன்னார்கள். நான் முகத்தை மூடிக்கொண்டு இருந்தேன்.

பூசை முடிந்து வெளியே வந்து, கோயில் மதிலோரம் நிழலில் நின்றுகொண்டு கேட்டேன்.

"அன்ரி, துளசி ஆர் எண்டு சுவாமி கேக்கேல்லையோ?"

"கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அன்ரி தங்கூசி கட்டிய கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"எங்கட வீட்டுப் பிள்ளை எண்டனான். வேற ஒண்டும் கேக்காதேங்கோ சுவாமி எண்டனான்."